வீட்டில் ஒருவருக்குப் பூனை ஒவ்வாமை இருந்தால்: எந்தப் பூனையை, எப்படித் தேர்ந்தெடுப்பது? முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பூனை பதினொரு வாரம்தான் எங்களோடு இருந்தது. பஞ்சுப் பொதி போன்ற வெள்ளைப் பெர்சியன் குட்டி. என் இளைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தூசி பட்டால் தும்முவாள், மழைக்காலத்தில் இழுப்பு வரும். அதை விற்பவரிடம் முதலிலேயே சொன்னேன். "இந்த ஜாதிக்கு அலர்ஜியே வராது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இதைத்தான் கொடுப்போம்" என்று அடித்துச் சொன்னார். நம்பினேன். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது வாரம் இரவில் இருமல் தொடங்கியது. பத்தாவது வாரம், நள்ளிரவில், மருத்துவமனையில் அவள் முகத்தில் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூனையைத் தஞ்சாவூரில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தவள் சித்திரை. இது அவளுக்கு எங்கள் வீட்டில் ஐந்தாவது ஆண்டு. மகளும் நலமாக இருக்கிறாள். இரண்டு பூனைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மருத்துவர்களிடம் கேட்டது, படித்தது, செய்து பார்த்தது எல்லாவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இனத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வாமை உள்ளவரையும், நீங்கள் கொண்டுவர நினைக்கும் அந்த ஒரே ஒரு பூனையையும் சேர்த்து வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

படி 1: பூனைதான் காரணமா என்று உறுதி செய்யுங்கள்

நம் ஊர் வீடுகளில் தும்மலுக்கும் இழுப்புக்கும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி, கரப்பான் பூச்சி, ஈரச் சுவரின் பூஞ்சை, மகரந்தம் எல்லாமே அதே மூக்கொழுகலையும் கண் அரிப்பையும் கொண்டுவரும். பூனையைச் சந்தேகித்து விரட்டிவிட்டுப் பிறகும் தும்மிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. பூனையால்தான் வருகிறது என்று தெரியாமலே மாதக்கணக்கில் மருந்து சாப்பிடும் வீடுகளும் உண்டு.

ஒவ்வாமை மருத்துவர் இரண்டு வகைப் பரிசோதனைகளில் ஒன்றைச் செய்வார். முதலாவது, தோலில் துளி விட்டு லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனை. பதினைந்து, இருபது நிமிடங்களில் தடிப்பு எழுகிறதா என்று தெரிந்துவிடும். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். இரண்டாவது, பூனைக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை. இதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. எதுவானாலும், தாளில் வரும் முடிவு மட்டும் போதாது. பரிசோதனையில் ஒவ்வாமை காட்டும் சிலருக்குப் பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் ஒன்றும் ஆவதில்லை. முடிவையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும்.

இங்கேயே ஒரு கண்டிப்பான எல்லையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமை உள்ளவருக்கு ஆஸ்துமா இருந்து, அது இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்றால், இரவில் விழிப்பு, அடிக்கடி அவசர இன்ஹேலர், சமீபத்தில் மருத்துவமனை என்று இருந்தால், அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஆசையைத் தள்ளிப்போடுங்கள். முதலில் நுரையீரல் சரியாகட்டும்.

படி 2: ஒத்துக்கொள்ளாத பொருள் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பூனை முடி உள்ளே போனால் ஆஸ்துமா வரும்" என்று சொல்லாத பாட்டி நம் ஊரில் இல்லை. அந்த எச்சரிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. பூனையால் இழுப்பு வரலாம். ஆனால் அதற்குக் காரணம் முடி அல்ல, முடியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு புரதம். அதன் பெயர் ஃபெல் டி 1. பூனை ஒவ்வாமை உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் இதற்குத்தான் எதிர்வினை காட்டுகிறார்கள்.

இந்தப் புரதம் பூனையின் எச்சிலிலும், தோலடியில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளிலும், கண்ணீரிலும், ஆசனவாயருகே உள்ள சுரப்பிகளிலும் உண்டாகிறது. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொள்கிறது. எச்சில் உடம்பெங்கும் பரவிக் காய்ந்து, பொடிப்பொடியாக உதிர்கிறது. தூசிப் பூச்சியின் துகள்கள் கனமானவை, கிளறிய சில நிமிடங்களில் தரையில் படிந்துவிடும். பூனைத் துகள்களில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் சிறியது, மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். அதனால்தான் பூனை கண்ணில் படாத அறைக்குள் நுழைந்தாலும் சிலருக்கு உடனே கண் அரிக்கிறது. உடையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போகும். பூனையே இல்லாத வீடுகளின் தூசியிலும் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பூனையை வீட்டைவிட்டு அனுப்பிய பிறகும் இந்தப் புரதம் வீட்டில் குறைய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். மெத்தையிலும் சோபாவிலும் அதற்கும் மேலாகத் தங்கும். எங்கள் முதல் பூனை போன பிறகும் மகளுக்கு உடனே குறையாததற்குக் காரணம் இதுதான். அப்போது எனக்கு இது தெரியாது, பூனை காரணமில்லையோ என்று குழம்பிப்போனேன்.

படி 3: இனங்களைப் பற்றிச் சொல்லப்படுவதை எடைபோடுங்கள்

சைபீரியன், பாலினீஸ், ஸ்பிங்க்ஸ், டெவன் ரெக்ஸ், கார்னிஷ் ரெக்ஸ், ரஷ்யன் புளூ, ஓரியண்டல் ஷார்ட்ஹேர், பெங்கால். "ஒவ்வாமை தராத இனங்கள்" என்று எங்கே தேடினாலும் ஏறக்குறைய இந்தப் பட்டியல்தான் வரும். சில இடங்களில் விற்பவர்கள் கையில் இருக்கும் பெர்சியனையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள், எனக்கு நடந்ததுபோல. ஒவ்வாமையே தராத பூனை இனம் என்று ஒன்று இதுவரை நிறுவப்படவில்லை. எல்லா இனங்களும் ஃபெல் டி 1 சுரக்கின்றன. ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூனைகளுக்கு இடையிலேயே சுரக்கும் அளவு பல மடங்கு மாறலாம்.

ஸ்பிங்க்ஸுக்கு முடியே இல்லை, ஆகவே ஒவ்வாமையும் இல்லை என்பார்கள். முடி இல்லாததால் தோலின் எண்ணெயை உறிஞ்ச எதுவும் இல்லை. எண்ணெய் அப்படியே தோலில் தேங்கும். வாரம் ஒருமுறை குளிப்பாட்டாவிட்டால் அது படுக்கும் துணியெல்லாம் பிசுபிசுக்கும். முடி உதிர்ந்து வீடெங்கும் பரவாது என்பது உண்மை. புரதம் இல்லை என்பது உண்மையல்ல. நம் வெயிலில் அதன் தோல் எளிதில் கருகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரெக்ஸ் வகைகளுக்குச் சுருண்ட குட்டை முடி, உதிர்வது குறைவு. உதிரும் முடி குறைந்தால் அதோடு பறக்கும் புரதமும் ஓரளவு குறையலாம் என்று நினைப்பதில் நியாயம் உண்டு. உத்தரவாதம் மட்டும் கிடையாது.

சைபீரியன்தான் எல்லாரும் அதிகம் நம்பும் இனம். சில சைபீரியன் பூனைகள் இந்தப் புரதத்தைக் குறைவாகச் சுரக்கின்றன என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பூனைகளை வைத்து, அவற்றின் மரபணுவில் மாற்றங்கள் இருப்பதாகக் காட்டிய ஒரு சிறிய ஆய்வும் வந்திருக்கிறது. அதை வைத்து இனம் முழுவதற்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது. "சில" என்ற சொல்லை விற்பவர் விழுங்கிவிடுவார், நீங்கள் விழுங்கிவிடக் கூடாது.

சைபீரியனைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அது ரஷ்யக் குளிருக்கு உருவான உடம்பு, மூன்று அடுக்கு முடி. மே மாதச் சென்னையிலோ வேலூரிலோ அதை வைத்திருக்க வேண்டுமென்றால் பகல் முழுக்க ஏசி ஓட வேண்டும். ஏசி ஓடினால் ஜன்னல்களை அடைத்தாக வேண்டும். அடைத்த அறையில் அதே காற்று சுற்றிச் சுற்றி வரும், மிதக்கும் புரதம் வெளியே போக வழியின்றிச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வாமைக்காக அத்தனை பணம் கொடுத்து வாங்கிய இனம், ஒவ்வாமையைக் கூட்டும் வீட்டை உண்டாக்கிவிடும். பெர்சியன், மெய்ன் கூன், ராக்டால் போன்ற அடர்முடி இனங்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். மேலைநாட்டுப் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை, அந்த வீடுகளில் இது பிரச்சினையே இல்லை.

பெர்சியனைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் என்னால் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. தட்டையான முகத்தால் அதற்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், தினமும் துடைத்துவிட வேண்டும். அந்தக் கண்ணீரிலும் ஃபெல் டி 1 உண்டு. தினமும் சீவாவிட்டால் முடி சிக்காகும், சீவும் ஒவ்வொரு முறையும் துகள் பறக்கும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது. அதைக் கண்டறிய மரபணுப் பரிசோதனை இருந்தும், அதைச் செய்து காட்டும் விற்பனையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்தக் குட்டியின்மேல் எனக்கு இப்போதும் பாசம் உண்டு. அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது தவறு.

அறிவியல் இந்தப் பக்கம் முயன்றுகொண்டுதான் இருக்கிறது. 2006 வாக்கில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் "ஒவ்வாமை தராத பூனை" என்று பல ஆயிரம் டாலருக்கு விற்றது. அந்தப் பேச்சு சர்ச்சையில்தான் முடிந்தது. 2022-இல் வேறொரு அமெரிக்க ஆய்வுக் குழு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் பூனையின் உயிரணுக்களில் ஃபெல் டி 1 மரபணுவைச் செயலிழக்கச் செய்ய முடியும் என்று காட்டியது. ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில்தான், உயிருள்ள பூனையில் அல்ல. யாராவது அப்படிப்பட்ட பூனை விற்பனைக்கு இருப்பதாகச் சொன்னால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

என் முடிவு: ஒவ்வாமை உள்ள தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது நம் நாட்டுப் பூனைதான். அது குறைவாகச் சுரக்கும் என்பதால் அல்ல, அப்படி எந்த ஆதாரமும் இல்லை. குட்டை முடி, தினசரிச் சீவல் தேவையில்லை. ஜன்னல் திறந்த வீட்டில் மின்விசிறிக் காற்றில் சுகமாக வாழும். எல்லாவற்றையும்விட, நூற்றுக்கணக்கில் வீடில்லாமல் காத்திருப்பதால், உங்கள் பிள்ளைக்கு ஒத்துப்போகும் ஒன்றைக் கிடைக்கும்வரை தேடிப் பார்க்க முடியும். ஒரு லட்சம் கொடுத்து முன்பதிவு செய்த குட்டி ஒத்துவரவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

படி 4: வயதும் பாலும்

கருத்தடை செய்யாத கடுவன் பூனைதான் அதிகம் சுரக்கும். கருத்தடை செய்தால் அளவு இறங்கிவிடும். பெட்டைகள் பொதுவாகக் கடுவனைவிடக் குறைவு. ஆகவே பெட்டை, அல்லது கருத்தடை செய்து சில வாரங்கள் கழிந்த கடுவன்.

குட்டி வேண்டாம். இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும், தெரியும். குட்டிகள் வளர்ந்த பூனைகளைவிடக் குறைவாகவே சுரக்கின்றன. மூன்று மாதக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு தும்மல் வராததை நம்பி முடிவெடுத்தால், அது வளரும்போது உண்மை வெளிப்படும். எங்கள் வீட்டில் முதல் மாதம் அமைதியாகக் கழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஒன்றரை வயது தாண்டிய பூனையின் அளவும் குணமும் ஓரளவு நிலைத்துவிட்டிருக்கும். நீங்கள் சோதிப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

படி 5: பழகிப் பாருங்கள், அவசரப்படாமல்

இதுதான் முக்கியமான படி. இதற்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

பூனையை எங்கே தேடுவது? தெருப் பூனைகளை மீட்டுத் தற்காலிகமாகத் தங்கள் வீடுகளில் வைத்திருக்கும் தன்னார்வலர்கள் இப்போது ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். உங்கள் தெருக் கால்நடை மருத்துவரிடம் கேட்டாலே இரண்டு மூன்று எண்கள் கிடைக்கும். சென்னையில் வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும் தத்துக் கொடுக்கிறார்கள். சந்தையில் கூண்டில் அடைத்து விற்பவர்களிடம் போகாதீர்கள். அங்கே பழகிப் பார்க்க வழியே இல்லை.

காப்பகத்தில் ஐம்பது பூனைகளுக்கு நடுவே நின்று சோதிப்பது வீண். எந்தப் பூனையால் தும்முகிறீர்கள் என்று எப்படித் தெரியும்? தேர்ந்தெடுத்த ஒரு பூனையை வேறு பூனை இல்லாத இடத்தில் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவசர இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

நாங்கள் செய்தது இப்படி. முதலில் துணிச் சோதனை. சுத்தமான பருத்தித் துண்டு ஒன்றைச் சித்திரையின் தற்காலிகப் பராமரிப்பாளரிடம் கொடுத்து, இரண்டு நாட்கள் அவள் படுக்கும் இடத்தில் போட்டு வைக்கச் சொன்னோம். அதை வாங்கிவந்து, மகள் படிக்கும் மேசைமேல் ஒரு மாலை வைத்தோம். சிலர் தலையணைக்கடியில் வைக்கச் சொல்கிறார்கள். இழுப்பு வரும் பிள்ளைக்கு இரவு முழுக்க அதைச் செய்ய எங்கள் மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை, அவர் சொன்னது சரி. இதற்கு முன் வேறு இரண்டு பூனைகளின் துண்டுகளுக்கு அரை மணி நேரத்தில் மூக்கொழுகியது. சித்திரையின் துண்டுக்கு லேசான அரிப்பு மட்டும்.

பிறகு நேரில் சந்திப்பு. முதல் முறை இருபது நிமிடம், அடுத்தது ஒரு மணி நேரம், அதற்கடுத்தது இரண்டு மணி நேரம். மூன்று வாரங்களில் ஆறு முறை போனோம். தடவிய கையால் கண்ணைத் தொடக்கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிக் கை, முகம் கழுவினாள். போகும் நாட்களில் ஒவ்வாமை மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு போனால் சோதனையின் பயனே போய்விடும். ஆனால் ஆஸ்துமாவுக்குத் தினமும் எடுக்கும் இன்ஹேலரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம்: எத்தனை தும்மல், கண் அரிப்பு உண்டா, தோலில் தடிப்பு உண்டா, அன்றிரவு இருமினாளா. சில மணி நேரம் கழித்து வரும் அறிகுறிகளைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மாலையில் சிரித்து விளையாடிவிட்டு இரவு இரண்டு மணிக்கு இருமினால் அதற்கும் காரணம் அந்தப் பூனையாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் பீக் ஃபுளோ மீட்டர் என்ற, மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் சிறிய ஊதுகருவியை வைத்துக்கொள்வது நல்லது. அவரவரின் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது எச்சரிக்கை. சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

கடைசியாக, தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்ப்பது. நான்கு வாரம் போதும் என்று சிலர் சொல்வார்கள். எட்டு வாரம் கேளுங்கள். வீட்டில் புரதம் மெல்ல மெல்லத்தான் சேரும், எங்கள் முதல் பூனையின் கதையில் இருமல் தொடங்கியது ஏழாவது வாரத்தில். நல்ல மீட்பாளர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள், திரும்பி வந்து நிற்கும் பூனையைவிட ஒழுங்காகச் சோதித்துத் தத்தெடுக்கும் குடும்பமே அவர்களுக்கும் வேண்டும்.

"பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். சிலருக்கு அப்படி ஆவதும் உண்டு. ஆனால் அதை நம்பி இறங்க முடியாது. பூனையோடு வளர்ந்து ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளை, விடுதிக்குப் போய்ச் சில மாதங்கள் கழித்துப் பொங்கல் விடுமுறைக்கு வரும்போது வாசலிலேயே தும்மத் தொடங்கலாம். விலகியிருந்தால் அந்தப் பழக்கம் போய்விடுகிறது.

படி 6: ஒத்துவராவிட்டால் பூனை எங்கே போகும்?

பூனை வருவதற்கு முன் இதை முடிவு செய்து எழுதி வையுங்கள். மீட்பாளர் திரும்ப எடுத்துக்கொள்வாரா, அல்லது எந்த உறவினர் ஏற்பார் என்று பெயரோடு தெரிய வேண்டும். அவர்களிடம் நேரில் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். சித்திரைக்காக என் அத்தையிடம் கேட்டபோது, "வரட்டும், என் வீட்டில் எலிக்குப் பஞ்சமில்லை" என்றார். அந்த ஒரு சொல் கிடைத்த பிறகுதான் நான் முன்னே நகர்ந்தேன்.

பூனையைக் கோணிப்பையில் போட்டு மீன் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது நம் ஊரில் சர்வ சாதாரணம். வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் உணவு தேடத் தெரியாது, நாய்களிடமிருந்து தப்பத் தெரியாது. பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. போக்கிடம் உறுதியாகவில்லை என்றால் கொண்டுவராதீர்கள்.

படி 7: வீட்டைத் தயார் செய்யுங்கள்

நல்ல செய்தி, நம் வீடுகள் இதற்கு ஏற்றவை. டைல்ஸ், மொசைக், சிவப்பு சிமெண்டுத் தரையில் புரதம் ஊறித் தங்காது, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். தரை விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டுவது துகளைக் காற்றில் கிளப்பிவிடும். ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இல்லாத நேரத்தில் கூட்டி, உடனே ஈரத் துணியால் துடையுங்கள். மின்விசிறி இறக்கைகளின் மேல் படியும் தூசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் விசிறியைப் போடும்போதெல்லாம் அது வீடெங்கும் பறக்கும்.

ஒவ்வாமை உள்ளவரின் படுக்கையறைக்குள் பூனை நுழையக் கூடாது. விதிவிலக்கே இல்லை, காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளை கெஞ்சினாலும் இல்லை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் மூச்சு விடும் இடம் அது. பழைய இலவம் பஞ்சு மெத்தைக்கு, ஒவ்வாமைத் துகள் புகாத நெருக்கமான நெசவுள்ள உறை போடுங்கள். தூசிப் பூச்சிக்கும் அதுவே தடுப்பு. துணி சோபாவில் பூனை படுக்கும் இடத்தில் ஒரு பருத்தி விரிப்பைப் போட்டு வாரம் இருமுறை துவையுங்கள். இந்தப் புரதம் சாதாரணமாகத் துவைத்தாலே கரைந்து போகும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க முடிந்தால் ஹெப்பா வடிகட்டி உள்ளதை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். காற்றில் மிதக்கும் துகளை அது பிடிக்கும், சோபாவிலும் சுவரிலும் ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது. ஜன்னலைத் திறந்து வைப்பதற்குப் பணம் வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை போட்ட பிறகு திறந்து வையுங்கள். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த பூனைகளைக் கால்நடை மருத்துவமனைகளில் பார்த்திருக்கிறேன்.

பூனையைச் சீவுவது, மணல் தட்டைச் சுத்தம் செய்வது, படுக்கையைத் துவைப்பது எல்லாம் ஒவ்வாமை இல்லாத ஒருவரின் வேலை. அது யார் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். சீவுவதை மொட்டை மாடியிலோ பின்வாசலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: குளியல், உணவு, மருந்து

குளிப்பாட்டினால் புரதம் குறையும். ஆனால் இரண்டொரு நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில், பழைய அளவுக்கு வந்துவிடும். அதற்காக ஒரு பூனையை வாராவாரம் நடுங்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உணவில் ஒரு புதிய வழி வந்திருக்கிறது. கோழி முட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்புரதத்தைப் பூனை உணவின்மேல் பூசித் தருகிறார்கள். பூனை மெல்லும்போது அது எச்சிலில் உள்ள ஃபெல் டி 1-உடன் ஒட்டி அதைச் செயலற்றதாக்குகிறது. ப்யூரினா நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் இதைச் சாப்பிட்ட பூனைகளின் முடியில் செயல்படும் புரதம் மூன்றாவது வாரத்திலிருந்து சராசரியாக 47 சதவீதம் குறைந்தது. விற்கும் நிறுவனமே செய்த ஆய்வு என்பதை நினைவில் வையுங்கள். சராசரி என்பதால் சில பூனைகளில் அதிகமாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கும். முக்கிய உணவாக அதையே தினமும் கொடுத்தால்தான் பயன். காலையில் மீன் சோறு, மாலையில் தயிர்ச் சோறு, நடுவில் நான்கு துண்டு அது என்றால் பணம் வீண்.

மனிதர்களுக்கான மருந்துகளில், தினமும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே மூக்கடைப்புக்கு நன்றாக வேலை செய்கிறது, மாத்திரைகள் தும்மலுக்கும் அரிப்புக்கும். நீண்ட காலத் தீர்வு என்றால் ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கும் சிகிச்சை. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே அளவு பலனும் தராது. இதில் எதையும் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்காதீர்கள்.

படி 9: முதல் ஆறு மாதங்கள்

சோதனைக் காலத்தில் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். முதல் எட்டு வாரம் தினமும் ஒரு வரி, பிறகு வாரம் ஒருமுறை. மழைக்காலத்திலும் சளி பிடிக்கும்போதும் அறிகுறிகள் கூடும். அதைப் பூனையின் கணக்கில் எழுதுவதற்கு முன் வீட்டில் மற்றவர்களுக்கும் சளி இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பூஞ்சை, புதுப் பெயிண்ட், புது மெத்தை, எதுவும் மாறியிருந்தால் குறித்து வையுங்கள்.

மூன்றாம் மாத முடிவிலும் ஆறாம் மாத முடிவிலும் மருத்துவரைப் பாருங்கள், ஒன்றும் தொந்தரவில்லை என்றாலும். போகும்போது நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒரு பத்தி மருந்துக்கென்றே இருக்கட்டும்: மாதத்துக்கு எத்தனை மாத்திரை, அவசர இன்ஹேலரை எத்தனை முறை அழுத்தினோம் என்று. தும்மல் அதே அளவில் இருப்பதுபோலத் தெரியும், மருந்து மட்டும் இரு மடங்காகியிருக்கும். அதை முன்னேற்றம் என்று எண்ணாதீர்கள், மோசமாகிவிட்டது என்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.